ஒரே பைதான், மூன்று பணிசெயல் முறைமைகள்: பைதான் பில்ட் ஸ்டாண்டலோனும் யூவியும், ஒரு மதிப்பீடு

பைதான் நிரல்மொழியின் அதிகாரபூர்வத் தளம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் நிறுவிகளை வழங்குகிறது. லினக்ஸுக்கு மூலநிரல் மட்டுமே அங்கே கிடைக்கும். அதைக் கம்பைல் செய்து, அதாவது இயங்குகோப்பாக மாற்றி, பொதியாக்கும் வேலை உபுந்து, டெபியன், ஃபெடோரா என்று ஒவ்வொரு விநியோகத்தின் பொறுப்பாகிவிடுகிறது. இதனால் ஒருவர் உபுந்துவில் வைத்திருக்கும் பைதான் 3.12உம், இன்னொருவர் விண்டோஸில் நிறுவிய பைதான் 3.12உம், மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி வழியாக வந்த பைதான் 3.12உம் எண்ணில் ஒத்திருந்தாலும், வேறு வேறு கம்பைலர்களால், வேறு வேறு ஓபன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட் நூலகங்களை நம்பிக் கட்டப்பட்டவையாக இருக்கின்றன. கொழும்பில் இயங்கும் சிறிய மென்பொருள் குழுக்களில் இந்த மூன்றும் ஒன்றாகவே புழங்குகின்றன: பல்கலைக்கழகக் காலத்தில் வாங்கிய விண்டோஸ் மடிக்கணினி, பக்கம் வடிவமைப்பவரின் மேக், மாத வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சேவையகம். இந்த மூன்றுக்கும் ஒரே பைதானைத் தருவதற்கான பொதிகளைக் கட்டும் பைதான் பில்ட் ஸ்டாண்டலோனையும், அவற்றை நிறுவும் யூவியையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

வெள்ளவத்தையில் இருந்து வேலை செய்யும் எங்கள் குழு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள பழைய ஆவணங்களை வருடி, எழுத்துணர்ந்து, அட்டவணைப்படுத்தும் நிரல்களைப் பைதானில் எழுதி, அவற்றை ஒரே ஸிப் கோப்பாக வாடிக்கையாளர்களிடம் கையளிக்கிறது. அவர்களில் ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: மூலநிரலின் பிரதி தங்களிடம் இருக்கும், அதிலிருந்து எப்போது, எந்த இயந்திரத்தில் திரும்பக் கட்டினாலும் நாங்கள் கொடுத்த அதே கோப்பு பைட்டுக்குப் பைட் மாறாமல் வரவேண்டும். ஆவணக் காப்பகங்கள் மென்பொருள் தருபவர்களைவிட நீண்ட காலம் வாழ்பவை என்பதால் இது முற்றிலும் நியாயமான கோரிக்கை. 2020இல் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருள் தாக்கப்பட்ட சம்பவத்தில் தீய நிரல் நுழைந்த இடம் மூலநிரல் களஞ்சியம் அல்ல, பில்ட், அதாவது மூலநிரலிலிருந்து கோப்பைக் கட்டும் வேலை, நடக்கும் இயந்திரம்தான். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற மென்பொருளாளர் கண்டுபிடித்த, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் பின்கதவிலும், அதை இயக்கிவைக்கும் பகுதி வெளியீட்டுப் பொதியில் இருந்தது, மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் இருக்கவில்லை. மூலத்துக்கும் கைக்கு வந்த கோப்புக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைச் சரிபார்க்க வழி இருக்கவேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்பதை நான் வரவேற்கிறேன். இந்த மதிப்பீட்டை அந்தக் கோரிக்கையை முன்வைத்தே எழுதுகிறேன்.

பைதான் பில்ட் ஸ்டாண்டலோன் என்பது கிரெகரி ஸோர்க் பைதான் நிரல்களைத் தனி இயங்குகோப்பாகப் பொதியும் தமது பைஆக்ஸிடைசர் திட்டத்துக்காகத் தொடங்கிய வேலை. ஒரு பைதானைக் கோப்புறையாக எடுத்து எந்த இடத்தில் வைத்தாலும் அது ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். 2024 டிசம்பரில் அதன் பராமரிப்பு ஆஸ்ட்ரல் நிறுவனத்திடம் சென்றது. அதே நிறுவனம் 2024 பெப்ரவரியில் வெளியிட்ட யூவி என்ற கருவி, அந்த ஆண்டு ஓகஸ்ட் முதல் பைதானையே தரவிறக்கி நிறுவும் வேலையையும் முழுமையாக ஏற்றுக்கொண்டது. யூவி கொண்டுவரும் சிபைதான் (பைதானின் அதிகாரபூர்வ வடிவம்) இந்தத் திட்டத்தில் கட்டப்பட்டதுதான். ஹாட்ச், மைஸ் போன்ற கருவிகளும் இதே கோப்புகளையே எடுக்கின்றன. ஆகவே தெரிந்தோ தெரியாமலோ பலர் இதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வழக்கமான முறையில் கட்டப்பட்ட பைதான், தான் எந்தக் கோப்புறையில் நிறுவப்படும் என்பதைத் தனக்குள்ளேயே பல இடங்களில் எழுதிவைத்துக்கொள்கிறது. இடம் மாற்றினால் நூலகங்களைத் தேடி அலைகிறது. இந்தத் திட்டம் ஓபன்எஸ்எஸ்எல், எஸ்கியூலைட், லிப்எஃப்எஃப்ஐ முதலியவற்றைத் தானே கட்டிப் பொதிக்குள் வைத்து, லினக்ஸிலும் மேக்கிலும் நூலகப் பாதைகளை இயங்குகோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும்படி அமைக்கிறது. 64-பிட் இன்டெல் லினக்ஸுக்கான பொதிகள், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் 2.17ஆம் பதிப்பை அடித்தளமாகக் கொண்டவை. அது 2012 டிசம்பரில் வெளியான பதிப்பு, ஆகவே அவ்வளவு பழைய லினக்ஸிலும் இவை ஓடும். நீண்ட காலமாக மேம்படுத்தப்படாத சேவையகங்கள் நம் நாட்டு அலுவலகங்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஓர் எண்ணின் பெறுமதி புரியும். ஆல்பைன் லினக்ஸ் போன்றவற்றுக்கு ஜிலிப்சிக்குப் பதிலான மஸல் நூலகத்தோடு தனிப் பொதிகளும் உண்டு.

நிறுவும் அனுபவத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. நிர்வாகி உரிமை தேவையில்லை. முறைமையின் சொந்தப் பைதானைத் தொடுவதில்லை. தரவிறக்கம் சில பத்து மெகாபைட்டுக்குள் முடிகிறது. தேவையான நூலகங்களின் துல்லியமான பதிப்புகளை யூவி பதிந்துவைக்கும் லாக் கோப்பு ஒரு முறைமைக்கு மட்டும் எழுதப்படாமல், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும் தீர்வாகவும், ஒவ்வொரு பொதிக்கும் ஷா-256 ஹாஷோடும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கோப்பின் கைரேகை போன்ற எண்) எழுதப்படுகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவர் களஞ்சியத்தைப் பிரதியெடுத்து ஒரே கட்டளையில் எங்கள் அனைவருடைய நிலைக்கும் வந்துவிடுவது, முன்பு ஒரு நாள் பிடித்த வேலை.

குறைகளில் சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமக் காரணங்களால், தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகத்துக்குப் பதில் லிப்எடிட் சேர்க்கப்பட்டிருப்பதால், ஊடாட்டச் சாளரத்தில் பழகிய விசைச் சுருக்கங்கள் சிலருக்கு வேலை செய்யாமல் போகலாம். பொதியை யூவி இல்லாமல் கையால் விரித்தால், பைதான் கட்டப்பட்ட விவரங்களைத் தரும் சிஸ்கான்ஃபிக் தொகுதியில் பில்ட் நடந்த இயந்திரத்தின் பாதைகளும் கிளாங் கம்பைலரின் பெயரும் அப்படியே இருக்கும். சி மொழியில் எழுதிய நீட்சிகளைக் கம்பைல் செய்யும்போது அது தடுக்கும். யூவி வழியாக நிறுவினால் அவற்றை யூவியே திருத்திவிடுகிறது. இவை இரண்டும் வழியை மறிக்கும் குறைகள் அல்ல.

உண்மையான கேள்வி வேறு. எல்லோரும் ஒரே கோப்பைத் தரவிறக்குவதும், எவரும் மூலத்திலிருந்து அதே கோப்பைத் திரும்பக் கட்ட முடிவதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஒரு ஹாஷ் போதும். இரண்டாவதற்குக் கம்பைலர், நேரம், கோப்புகளின் வரிசை, கோப்புறைப் பாதை எல்லாம் கட்டுக்குள் இருக்கவேண்டும். பைதானின் ஊடாட்டச் சாளரத்தைத் திறந்தால் முதல் வரியில் பதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு திகதியும் நேரமும் தெரியும். அது பைதான் கட்டப்பட்ட கணம், கம்பைலரின் திகதி மேக்ரோக்கள் வழியாக இயங்குகோப்புக்குள் பதிந்தது. அந்தக் கணத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் இரண்டு பில்ட்கள் ஒருபோதும் ஒத்திருக்கா. மீள்கட்டலுக்காக உழைக்கும் ரீப்ரொடியூசிபிள் பில்ட்ஸ் திட்டத்தார் 2015இல் வரையறுத்த, கட்டும் நேரமாக எதை எடுக்கவேண்டும் என்று கருவிகளுக்குச் சொல்லும் சோர்ஸ் டேட் எபோக் என்ற சூழல் மாறி இதற்காகவே உள்ளது. ஜிசிசி கம்பைலர் 7ஆம் பதிப்பிலிருந்து அதை மதிக்கிறது.

நேரத்தைக் கட்டினாலும் இன்னொரு தடை இருக்கிறது. இந்தப் பொதிகள் வேகமாக ஓடுவதற்கு ஒரு காரணம், அவை பிஜிஓ, எல்டிஓ (பகுதிகளை இணைக்கும்போது முழு நிரலையும் சேர்த்து உகப்பாக்குவது) ஆகிய உகப்பாக்கங்களோடு கட்டப்படுவது. பிஜிஓ முறையில் பைதானை ஒருமுறை கட்டி, சோதனைகளை ஓட்டி, எந்தக் கிளைகள் அதிகம் நடக்கின்றன என்று அளந்து, அந்த அளவீட்டை வைத்து மறுபடி கட்டுவார்கள். அளவீடு ஓட்டத்துக்கு ஓட்டம் சிறிது மாறக்கூடும். மாறினால் பிறக்கும் இயந்திரக் கட்டளைகளும் மாறும். நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவியின் பொதித் தொகுப்பான நிக்ஸ்பேக்ஸின் கையேடு இதை வெளிப்படையாகச் சொல்கிறது: உகப்பாக்கத்தோடு கட்டினால் பில்ட் மீளுருவாக்கத்தக்கதாக இருக்காது என்பதால் அவர்களுடைய பைதான் இயல்புநிலையில் அந்த உகப்பாக்கம் இல்லாமல் கட்டப்படுகிறது. வேகத்தையும் மீள்கட்டலையும் ஒருசேரத் தரமுடியாத இடத்தில் இரண்டு திட்டங்கள் இரண்டு பக்கங்களைத் தேர்ந்திருக்கின்றன. பைதான் பில்ட் ஸ்டாண்டலோன் வேகத்தின் பக்கம் நின்றது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பயன்படுத்துபவர் தன்னிடம் இருப்பது ஆஸ்ட்ரலின் பில்ட் இயந்திரத்தின் மீதான நம்பிக்கையும் ஒரு ஹாஷும் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கவேண்டும்.

யூவியிலும் கவனிக்கவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. எந்தப் பைதான் எங்கே கிடைக்கும், அதன் ஹாஷ் என்ன என்ற பட்டியல் யூவியின் இயங்குகோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஒரே பைதான் பதிப்பை இந்தத் திட்டம் வெவ்வேறு திகதிகளில் மறுபடி கட்டி வெளியிடுவதுண்டு. வெளியீடுகளின் பெயரே அந்தத் திகதிதான். ஆகவே திட்டக் கோப்புறையில் பைதான் 3.12.4 என்று எழுதிவைத்தாலும், பழைய யூவி வைத்திருப்பவருக்கு ஒரு திகதியின் பொதியும், நேற்று மேம்படுத்தியவருக்கு இன்னொரு திகதியின் பொதியும் கிடைக்கலாம். இரண்டிலும் உள்ளே இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் வேறாக இருக்கலாம். இதற்கு மருந்து உண்டு: திட்ட அமைப்பில் யூவியின் பதிப்பையே கட்டாயமாக்கலாம், அண்மைப் பதிப்புகளில் சிபைதானின் பில்ட் திகதியைச் சூழல் மாறியாலும் நிலைநிறுத்தலாம். ஆனால் இவை இயல்பாக வருவதில்லை, தேடிச்சென்று அமைக்கவேண்டும். மீள்கட்டலை முக்கியமாகக் கருதும் கருவி என்றால், லாக் கோப்பிலேயே பைதானின் பில்ட் திகதியும் ஹாஷும் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூலகங்களை ஹாஷோடு பூட்டிவிட்டு, அவற்றை ஓட்டும் இயந்திரத்தைப் பதிப்பெண்ணோடு மட்டும் விடுவது பாதி வேலை.

பைதானை எவ்வளவு நேர்த்தியாகப் பொதிந்தாலும் பணிசெயல் முறைமையிடம் கேட்டு நடக்கும் காரியங்கள் சில இருக்கின்றன. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இவை மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் விதியான குறிமுறை முதலாவது: லினக்ஸிலும் மேக்கிலும் கோப்பைத் திறந்தால் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும் பைதான், விண்டோஸில் அந்த முறைமையின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத் தரவோடு சோதிப்பவருக்கு வேறுபாடே தெரியாது. தமிழ் வரி ஒன்று வந்ததும் நிரல் பிழையோடு நிற்கும், அல்லது குப்பையை வாசித்துக்கொண்டு மௌனமாகப் போகும். பெப் 686 என்ற, பைதானுக்கான மாற்ற முன்மொழிவு இதை 3.15ஆம் பதிப்பில் மாற்றுகிறது. அதுவரை பைதானின் யூடிஎஃப்-8 நிலையைத் திட்டத்தின் சூழலிலேயே இயக்கிவைப்பது அவசியம்.

நேர வலயம் அடுத்தது. இலங்கை 1996 மே மாதத்தில் கிரீனிச்சைவிட ஆறரை மணி முன்னாலும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணி முன்னாலும் கடிகாரத்தை மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. எங்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்களில் அந்தப் பத்தாண்டு நிறையவே இருக்கிறது. இந்த வரலாற்றைப் பைதான் தனக்குள் வைத்திருப்பதில்லை: லினக்ஸிலும் மேக்கிலும் முறைமையின் தரவுத்தளத்தை வாசிக்கிறது, விண்டோஸில் அப்படி ஒன்று இல்லாததால், வலயத் தரவைத் தரும் டிஇசட்டேட்டா பொதி நிறுவப்படாவிட்டால் கொழும்பு என்ற வலயத்தையே கண்டுபிடிக்காமல் பிழை எழுப்புகிறது. டிஇசட்டேட்டாவை லாக் கோப்பில் சேர்த்து, முறைமையின் வலயப் பாதையைத் தேடாதபடி பைதான் டிஇசட் பாத் மாறியை வெறுமையாக வைத்தால் மூன்று முறைமைகளும் ஒரே தரவை வாசிக்கும். அகரவரிசையும் இதே கதைதான். முறைமையின் மொழி அமைப்பான லொகேல் வழியாக வரிசைப்படுத்தினால் அந்தந்த முறைமையின் சி நூலகம் தரும் வரிசை வரும். அட்டவணைகளுக்கு நாங்கள் வரிசை விதியை நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

யூனிகோட் தரவில் மட்டும் பைதான் தன்னிறைவானது. அந்த அட்டவணை பைதானோடு சேர்ந்தே வருகிறது, 3.12இல் யூனிகோட் 15.0, 3.13இல் 15.1. ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தட்டினாலும் எகரக் குறி, கால் என்று இரண்டாகத் தட்டினாலும் யூனிகோட்டின் சேர்ப்பு வடிவமான என்எஃப்சியில் மூன்று முறைமைகளிலும் ஒன்றாகவே சேர்கிறது. எழுத்துணர்ந்த உரையைத் தேடத்தக்கதாக்குவதற்கு இதுவே அடிப்படை.

இனி நாங்கள் கையளிக்கும் ஸிப் கோப்பு. பைதானின் ஸிப்ஃபைல் தொகுதி கோப்புகளின் நேரத்தை உள்ளூர் நேரமாகவே எழுதுகிறது, வலயக் குறிப்பு இல்லாமல். கொழும்பில் உள்ள மடிக்கணினியில் கட்டிய பொதியும் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும் சேவையகத்தில் கட்டிய பொதியும் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தாலும் ஐந்தரை மணி நேர வேறுபாட்டால் ஹாஷில் பிரிந்துபோகும். எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நிலையான நேரத்தைக் கொடுப்பதே சரி. ஆனால் ஸிப் வடிவம் 1980க்கு முந்திய நேரத்தை ஏற்காது என்பதால் பூச்சியத்தைக் கொடுக்கமுடியாது, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணினால் குறைந்தது 315532800 என்ற விநாடி எண் வேண்டும். கோப்புறையைப் பட்டியலிடும் வரிசை லினக்ஸிலும் விண்டோஸிலும் வேறு. பெயரால் வரிசைப்படுத்தியே சேர்க்கவேண்டும். கோப்பு அனுமதிகள் யுனிக்ஸ் முறைமைகளில் ஒரு விதமாகவும் விண்டோஸில் ஒரு விதமாகவும் பதிகின்றன. அவற்றையும் கையால் நிர்ணயிக்கவேண்டும். விண்டோஸில் கிட் நிறுவும்போது வரியிறுதிகளை மாற்றும் தெரிவு இயல்பாக இயங்கியிருப்பதால், மூலநிரலே இயந்திரத்துக்கு இயந்திரம் பைட்டில் மாறுகிறது. களஞ்சியத்திலேயே கிட் பண்புக் கோப்பை வைத்து அதை நிறுத்தவேண்டும்.

கம்பைல் செய்த பிஒய்சி கோப்புகள் இயல்பாக மூலக் கோப்பின் மாற்ற நேரத்தைத் தலைப்பில் தாங்குகின்றன. பைதான் 3.7இல் வந்த பெப் 552 அதற்குப் பதில் மூலத்தின் ஹாஷைத் தாங்கும் வடிவத்தை அறிமுகப்படுத்தியது. சோர்ஸ் டேட் எபோக் அமைக்கப்பட்டிருந்தால் அந்த வடிவமே இயல்பாகத் தேர்வாகிறது. எங்களுக்கு அது பொருந்துகிறது.

சுருக்கத்தில்தான் இறுதிச் சிக்கல். ஒரே உள்ளடக்கத்தைச் சுருக்கும் இரண்டு நூலகங்கள் வேறு வேறு பைட்டுகளைத் தருவது முறைப்படி சரியானதே, விரித்தால் ஒன்றாகிவிடும். பைதான் 3.14 முதல் அதிகாரபூர்வ விண்டோஸ் நிறுவியில் ஸிலிப் என்ற சுருக்க நூலகத்துக்குப் பதில் ஸிலிப்-என்ஜி இருக்கிறது. ஆகவே மூன்று முறைமைகளிலும் ஒரே பதிப்பு இருந்தாலும் சுருக்கிய ஸிப் ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நாங்கள் கையளிக்கும் கோப்பைச் சுருக்காமல் அடுக்கி மட்டும் வைக்கிறோம். அளவு கூடுகிறது, ஹாஷ் மூன்று முறைமைகளிலும் ஒன்றாக வருகிறது. இந்தப் பேரத்தில் எனக்கு வருத்தமில்லை.

இவ்வளவும் செய்வதற்குப் பதில் நிக்ஸைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மீள்கட்டலில் நிக்ஸ் ஆழமானது. ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு பொதியின் பாதையே அதன் எல்லா உள்ளீடுகளின் ஹாஷிலிருந்து பிறக்கிறது. லினக்ஸ் மட்டுமே பயன்படுத்தும் குழுவாக இருந்தால் நானும் அதையே தேர்ந்திருப்பேன். ஆனால் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது, லினக்ஸ் துணைமுறைமைக்குள்தான் ஓடும். எங்கள் வாடிக்கையாளர்களின் அலுவலக மேசைகளில் இருப்பதோ பெரும்பாலும் விண்டோஸ். நிரலை அதன் லினக்ஸ் சூழலோடு அடைத்து ஓட்டும் டொக்கர் கொள்கலனும் அதே காரணத்தால் விலகுகிறது. எட்டு ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் அதை எப்போதும் ஓடவிடுவது சிரமம் என்பதும் கூடச் சேர்கிறது. சேவையகத்தில் மட்டும் கொள்கலன் வைத்திருக்கிறோம், அதற்குள்ளும் இதே யூவி, இதே பைதான்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரே இயக்கச்சூழலை மூன்று முறைமைகளுக்கும் சிரமமின்றிக் கொண்டுசேர்க்கும் வழியாக, இதைவிடச் சிறந்ததை நான் பயன்படுத்தியதில்லை. பணமும் கேட்பதில்லை, திட்டங்கள் இரண்டும் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்ட முழுப் பொருளில் மீள்கட்டத்தக்கது என்று மட்டும் அதைச் சொல்லமுடியாது. எங்கள் நிரலின் ஸிப் கோப்பு மூலத்திலிருந்து பைட்டுக்குப் பைட் திரும்ப வருகிறது. அதை ஓட்டும் பைதான் வருவதில்லை, ஹாஷால் அடையாளம் காணப்பட்ட பொருளாகக் கையளிக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டோம். வாடிக்கையாளரின் தொழில்நுட்பப் பிரிவினர் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதே வழியில் செல்ல விரும்பும் கொழும்புக் குழுக்கள் செய்யவேண்டிய முதல் காரியம், பொதிகளைத் தம்மிடமே சேமிப்பது. யூவிக்குப் பைதானை எங்கிருந்து எடுக்கவேண்டும் என்பதை மாற்றிச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. உள் வலையமைப்பில் உள்ள ஒரு சேவையகத்தை மட்டுமல்ல, வட்டில் உள்ள ஒரு கோப்புறையையும் அது ஏற்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான பைதான் பொதிகளையும், லாக் கோப்பில் உள்ள நூலகங்களின் வீல் கோப்புகளையும் (நிறுவத் தயாரான பொதிகள்), பட்டியலையும் ஹாஷ்களையும் தன்னுள் வைத்திருக்கும் யூவியின் அந்தக் குறிப்பிட்ட பதிப்பையும் ஒரே வட்டில் சேர்த்து, ஒவ்வொரு கையளிப்போடும் ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுக்கிறோம். இணைய இணைப்பு இல்லாத ஆவண அறையிலும் அந்த வட்டு ஒன்றை வைத்தே நிறுவலும் பில்ட்டும் நடக்கின்றன.